தீப்பெட்டிக்குள் பல் பூச்சி

எனக்கு வருஷத்தை நம்பராகச் சொல்ல வராது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவர்களுக்குத்தான் அது வரும். நான் நடந்ததைக் கொண்டுதான் சொல்வேன். ஜப்பான்காரன் மெட்ராஸில் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் பெட்டி, படுக்கை, பிள்ளைகுட்டி என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ரயிலேறி வந்தார்களே, அந்த வருஷம்.

திண்டிவனத்தில் அப்போது மாட்டுக் கொட்டகைக்குக்கூட வாடகை கேட்டார்கள். ஒரு பெரிய மனிதர் சமையல் பாத்திரங்களை எல்லாம் பட்டணத்திலேயே விட்டுவிட்டுக் கிளிக்கூண்டை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டேஷனில் இறங்கினார். அவர் வீட்டம்மாள் பிளாட்பாரத்திலேயே, "சோத்த அந்தக் கூண்டுலயே வடிச்சிக் குடுக்கறேன், வாங்க" என்றாள். நான் வாயைப் பிளந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பில் உள்ளே போன காற்று வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பட்டது. உச்சந்தலைவரை சுரீர் என்றது. அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்துச் சிரித்தவனுக்கு இவ்வளவு சீக்கிரம் கூலி கிடைத்ததை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

பல் வலி யாருக்குத்தான் வராது என்பீர்கள். எனக்கு வரக் கூடாது. ஏனென்றால் எனக்குப் பல்தான் வேலை.

நான் மல்லாட்டை மண்டியில் இருந்தேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். குடியானவர்கள் வண்டியில் மூட்டை கொண்டுவருவார்கள். மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு காய் எடுத்து, உடைத்து, பருப்பைக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்த்து, காய்ந்ததா ஈரமா என்று சொல்வது என் வேலை. சிரிக்காதீர்கள். காய்ந்த பருப்பு 'டக்' என்று இரண்டாகப் பிளக்கும். ஈரப் பருப்பு 'சவக்' என்று நசுங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் இருக்கிறது பாருங்கள், அதைப் பிரித்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடித்துவிடும். எண்ணெய் மில்காரன் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவான்.

முன்னே நானும் மூட்டை தூக்கியவன்தான். ஒருநாள் முதலாளி கடித்து "காஞ்சது" என்ற கடலையை நான் சும்மா கடித்து "ஈரங்க" என்றேன். மூன்றாம் நாள் அந்த மூட்டை நாறியது. அன்றைக்கு முதுகிலிருந்து இறங்கின மூட்டை பிறகு ஏறவில்லை. முதலாளி பக்கத்தில் நாற்காலி இல்லை என்றாலும் ஒரு காலி சாக்கை மடித்துப் போட்டு உட்காரவைத்தார். அந்தச் சாக்கில் நான் உட்கார்ந்த தோரணையைக் கலெக்டர் பார்த்திருந்தால் எழுந்து நின்றிருப்பார். துண்டைத் தோளில் போட்டுக்கொள்வேன். கடலையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணை மூடுவதற்கும் கடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. பார்க்கிறவர்களுக்காக மூடுவேன்.

இடது பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் எனக்கு முன்பே கிடையாது. வலிக்கிறது என்று சொன்னதும் முடிவெட்டுகிறவர் கொறடு என்கிற இடுக்கியைப் போட்டுப் பிடுங்கிவிட்டார். எங்கள் ஊரில் பல்லுக்கு அவர்தான். ஆக, கடலைக்கு வாகாகக் கீழும் மேலும் பொருந்துகிற பல் வலது பக்கத்தில்தான் இருந்தது. அது போனால் மறுபடியும் முதுகுக்கு மூட்டை. முதலாளி அதை ஒளித்துப் பேசவில்லை.

"டேய், உம் பல்லு இருக்கற வரைக்கும் உனக்கு சாக்கு. பல்லு போச்சின்னா மூட்டை. இதுல எனக்கு கோவம் தாபம் ஒண்ணும் கெடையாது."

"தெரியுதுங்க மொதலாளி."

"தெரிஞ்சிக்கினு இன்னாத்துக்கு கன்னத்த புடிச்சிக்கினு ஒக்காந்துகினு இருக்கே?"

"சும்மா கொசு கடிச்சிதுங்க."

கொசு கடித்த கன்னம் சாயந்தரத்துக்குள் வீங்கிவிட்டது.

என் வீட்டுக்காரி கெட்டிக்காரி. கிராம்பை நசுக்கி வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளிக்கவைத்தாள். பிறகு பல் பூச்சி எடுக்கிற ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிவந்தாள். அந்தப் பெண்பிள்ளை நெருப்புத் துண்டில் கண்டங்கத்திரி விதையைப் போட்டாள். அந்தப் புகையை ஒரு குழல் வழியாக வாய்க்குள் இழுக்கச் சொல்லி, எச்சிலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடச் சொன்னாள். கிண்ணத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடிசாக ஏதோ மிதந்தது.

"பாத்தியா, எத்தினி பூச்சி!" என்றாள் அவள்.

நானும் பார்த்தேன். இவ்வளவு பேருக்கு என் வாயில் இடம் கொடுத்திருக்கிறேனே என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் வலி நிற்கவில்லை. என் வீட்டுக்காரி யோசித்துச் சொன்னாள்.

"ந்தா, இதெல்லாம் குஞ்சு. பெரிய பூச்சி உள்ளதான் கெடக்குது. அது வந்தாத்தான் உனக்கு விடியும்."

அந்தப் பேச்சு என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. பெரிய பூச்சி. பின்னால் நடந்த அத்தனைக்கும் வேர் இதுதான்.

அப்போது முதலாளிதான் விஷயம் கொண்டுவந்தார். பட்டணத்திலிருந்து குண்டுக்குப் பயந்து வந்த ஒரு பல் டாக்டர் விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு பிடித்திருக்கிறார், பல்லைப் பிடுங்காமலே உள்ளே சுத்தம் பண்ணி அடைத்துவிடுகிறாராம், போய்ப் பார் என்றார். என்மேல் அவருக்குப் பாசம் என்று அன்றைக்கு நினைத்து உருகினேன். பாசம்தான், பல்லின் மேல்.

விழுப்புரம் போய் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். சின்ன வீடு. முன் அறையில் தையல் மெஷின் மாதிரி காலால் மிதிக்கிற ஒரு மெஷின் இருந்தது. அதில் ஒரு கயிறு ஓடி, முனையில் ஒரு ஊசி சுற்றும். பல் வைத்தியம் பார்க்கிற பெரிய நாற்காலியைத் தூக்கமுடியாமல் பட்டணத்திலேயே விட்டுவிட்டாராம். அதனால் சாதாரண நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, தலைக்கு ஒரு தலையணையைச் சுவரில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வெளிச்சத்துக்கு அவருடைய சம்சாரம் ஜன்னலண்டை நின்று முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலைப் பிடித்து என் வாய்க்குள் விட்டார்கள். குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டால் கண்ணாடியோடு உள்ளே போய்விடுவார்கள். என் வாய் இருட்டாகிவிடும்.

டாக்டர் மெலிந்த மனிதர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "வாயத் தெற. இன்னும் தெற. கடிக்கிற வேலைன்னு சொன்னே, இவ்வளவுதான் தெறக்குமா?" என்றார். மெஷினை மிதித்தார். அந்தச் சத்தத்துக்கே எனக்குக் கால் இரண்டும் தானாக நீண்டுவிட்டது. பல்லில் ஓட்டை போட்டு, ஏதோ மருந்தை வைத்து மூடினார். உள்ளே நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, இந்த மருந்து அதை மரத்துப்போகச் செய்யும், நாலு நாள் கழித்து வந்தால் நரம்பை எடுக்கலாம் என்று பொறுமையாகத்தான் சொன்னார். நான் நன்றாகத் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நாலு நாள் கழித்துப் போனேன். மருந்தை எடுத்துவிட்டு, தலைமயிர் கனத்தில் ஒரு கம்பியை ஓட்டைக்குள் விட்டுத் திருகினார். வலிக்கவில்லை. வெளியே இழுத்தார். கம்பி நுனியில் சிவப்பாக, ஈரமாக, நூல் மாதிரி ஒன்று தொங்கியது. வெயிலில் பளபளவென்றது. கம்பியை அவர் அசைத்ததும் அதுவும் நெளிந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன்.

"வந்துட்ச்சி! பெரிய பூச்சி வந்துட்ச்சிங்க அய்யா!"

"என்ன பூச்சி? உக்காரு. இது நரம்பு. பல்லுக்குள்ள இருக்கிற நரம்பு."

"ஆமாங்க, ஆமாங்க" என்றேன். மனசுக்குள், படித்தவர்கள் பூச்சிக்கு வைத்திருக்கிற பேர் இது என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்தப் பல்லுக்கு ரெண்டு வேர். ஒண்ணுலதான் எடுத்திருக்கேன். இன்னொண்ணு உள்ள கெட்டுப்போய்க் கெடக்கு. மருந்துப் பஞ்சு வெச்சிருக்கேன். எட்டாம் நாள் வரணும். அதுவும் சுத்தமானப்புறம்தான் வேரை அடைச்சு மேல மூட முடியும். வலி இல்லேன்னு வராம இருந்துடாதே. புரியுதா?"

"புரியுதுங்க. அய்யா, அத எனக்கு குடுத்துடுங்க."

"எதை?"

"அந்த... நரம்ப. ஊட்ல காட்டணுங்க."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடி பிடித்த அம்மாள் சிரிப்பை அடக்கியதில் வெளிச்சம் கூரைக்குப் போய் ஆடிவிட்டு வந்தது. அவர்களே ஒரு காலித் தீப்பெட்டியைக் கொண்டுவந்து, அடியில் பஞ்சு வைத்து, அந்த நூலை அதில் போட்டுக் கொடுத்தார்கள். நான் அதை மடியில் செருகிக்கொண்டு ரயிலேறினேன். ரயிலில் விக்கிரவாண்டி வருவதற்குள் எதிரே இருந்த நாலு பேருக்குத் திறந்து காட்டியாகிவிட்டது.

வீட்டில் என் வீட்டுக்காரி அதைப் பார்த்ததும் கையைத் தட்டினாள். "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று தெருவையே கூப்பிட்டாள். தெரு வந்தது. அவரவர் வாயிலுள்ள பூச்சியின் நீளத்தை அவரவர் சொன்னார்கள். இரண்டு பேர் விழுப்புரத்துக்கு எந்த ரயிலில் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். வலியும் இல்லை. வீக்கமும் வடிந்துவிட்டது. நான் மண்டியில் சாக்கில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கடிக்க ஆரம்பித்தேன். கடித்த கையோடு தீப்பெட்டியைத் திறந்து காட்டுவேன். வண்டியோட்டி வந்தவர்கள் மூட்டையை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

ஆனால் நாளாக ஆக அது காய்ந்து சுருங்கிப் போயிற்று. பிரம்மதேசத்திலிருந்து மல்லாட்டை ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிக்காரர் ஒருவர் எனக்கு மாமன் முறை. அவர் பெட்டியை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"மாப்ள, இது பூச்சியா?"

"பின்ன இன்னா மாமா?"

"உம் பனியன் நூலாட்டம் இருக்குது."

"தலையப் பாருங்க மாமா. அந்தாண்ட."

"எது தல? ரெண்டு பக்கமும் வாலாத்தான் இருக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரி பஞ்சின் மேல் தினம் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அதைக் கொஞ்சம் தடிப்பாக்கி அனுப்பினாள். சாமிக்குப் பூ வைக்கிற அக்கறையோடு செய்தாள். டாக்டர் சொன்ன எட்டாம் நாள் அந்தச் சமயத்தில்தான் வந்து போயிற்று. எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. பூச்சியே என் மடியில் இருக்கும்போது இன்னொரு தடவை எதற்கு ரயிலேறவேண்டும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

யுத்தத்தில் தீப்பெட்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒருநாள் முதலாளி வாயில் சுருட்டை வைத்துக்கொண்டு கையை நீட்டினார். நான் மூட்டையில் குனிந்திருந்தேன். சாக்கின் மேலிருந்த பெட்டியை அவரே எடுத்துத் திறந்து, உள்ளே விரலை விட்டார்.

"டேய், இன்னாடா ஈரமா இருக்குது? குச்சி எங்க?"

"மொதலாளி, அது பூச்சிங்க!"

"சீ!" என்று பெட்டியை வீசினார். அது தெருவில் விழுந்தது. ஒரு வண்டிமாடு அதன்மேல் நடந்து போயிற்று. நான் மண்டியிட்டுப் புழுதியைத் துழாவினேன். வண்டிக்கார மாமன் என்னைத் தூக்கிவிட்டு, "வுடு மாப்ள, அதுக்கு நல்ல சாவு" என்றார்.

அந்த வாரமே கோடை மழை ஒன்று வந்து அடித்தது. களத்தில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டை எல்லாம் நனைந்தது. அரைகுறையாகக் காயவைத்து அவசரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. கடிக்கிறவனுக்கு வேலை இருக்கும் சமயம் என்றால் அதுதான். அன்றைக்குப் பார்த்து என் கன்னம் மறுபடியும் கிளம்பிற்று. முன்னே வந்தது சுண்டைக்காய் என்றால் இது பூசணிக்காய். ஒரு கண் மூடிக்கொண்டது. பல்லோடு பல் பட்டால் தலைக்குள் இடி இடித்தது.

வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சாக்கு போய்விடுமே. கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு, கடலையை முன்பல்லில் வைத்துக் கடித்தேன். முன்பல்லுக்குக் கடலையைப் பற்றி என்ன தெரியும்? அது கரும்பு கடிக்கிற பல். எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. "காஞ்சது, காஞ்சது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் மாமன் மட்டும், "மாப்ள, இன்னிக்கி நெஜமாவே கண்ண மூடிக்கினு சொல்றியே" என்றார்.

மூன்றாம் நாள் மூட்டைகள் எண்ணெய் மில்லிலிருந்து புகைந்துகொண்டு திரும்பி வந்தன. முதலாளி ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை விட்டார். வெந்த கடலை மாதிரி சுட்டது. என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என் துண்டை அவரே அவிழ்த்துக் கன்னத்தைப் பார்த்தார்.

"விழுப்புரத்து டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மறுபடி வரச் சொன்னாருங்க."

"போனியா?"

நான் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"போதும்டா. இதோட பேஜாரு எனக்கு வேணாம். முடிவெட்டறவர கூப்புடு, புடுங்கட்டும். நாளைக்கி நீ மூட்டைக்கு வந்துடு. வேற பல்லு பாத்துக்கறேன்."

முடிவெட்டுகிறவர் கொறட்டோடு வந்தார். என்னைக் கடலை மூட்டையின் மேல் உட்காரவைத்தார்கள். மாமன் பின்னாலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "வாயத் தெற ராசா" என்றார் முடிவெட்டுகிறவர். வாய் ஒரு விரல் கனம்தான் திறந்தது. அந்தச் சந்தில் கொறடு நுழைகிறதா என்று அவர் அளவு பார்த்தபோது, ஸ்டேஷன் பக்கமிருந்து விழுப்புரம் போகிற பாசஞ்சரின் ஊதல் கேட்டது. என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. மாமன் கையில் துண்டு மட்டும் இருந்தது. நான் தெருமுனையில் இருந்தேன்.

"மாப்ள! ஜல்தி ஓடு, வண்டி கெளம்புது!" என்று பின்னால் கத்தினார் மாமன். பிடித்தவரே ஓடவும் சொன்னார். நல்ல மனிதர்.

விழுப்புரத்தில் டாக்டர் வீட்டு வாசலில் மூட்டை முடிச்சு கிடந்தது. குண்டு விழவில்லை, பயம் குறைந்துவிட்டது என்று பட்டணத்துக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். டாக்டரும் கிளம்பிக்கொண்டிருந்தார். சுவரில் தலையணை இல்லை. மெஷினுக்கு மட்டும் இன்னும் கோணி சுற்றவில்லை.

அந்த அம்மாள்தான் என்னை முதலில் பார்த்தார்கள்.

"வாப்பா. தீப்பெட்டி வேணுமா?"

எனக்கு வாய் திறக்கவில்லை. கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டர் என்னைப் பார்த்துக் கையிலிருந்த பெட்டியை டமாலென்று கீழே வைத்தார். "எத்தனை நாள் கழிச்சு வர்றான் பாரு! எட்டாம் நாள் வாடான்னு சொன்னேனா இல்லையா? நாளைக்கு நாங்க ரயில் ஏறணும். ஒரு கொறடுதான் மேல இருக்கு, புடுங்கிடறேன், போய்ச் சேரு."

"புடுங்காதீங்க அய்யா" என்று மூக்கால் பேசினேன். "இந்தப் பல்லுதாங்க என் சோறு." கடலை கடிக்கிற வேலையையும், மூட்டைகள் திரும்பி வந்ததையும், கொறட்டிலிருந்து தப்பி ஓடி வந்ததையும் ஒரு விரல் சந்து வழியாக எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் உள்ளே போய்க் கண்ணாடியை மூட்டையிலிருந்து உருவி எடுத்துவந்தார்கள்.

மருந்துப் பஞ்சை எடுத்ததும் உள்ளே இருந்த சீழ் வெளியே வந்தது. நாற்றத்தைப் பற்றிச் சொல்லமாட்டேன், சாப்பிடுகிற நேரமாக இருக்கலாம். ஆனால் தலைமேலிருந்த பெரிய மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. பிறகு டாக்டர் இரண்டாவது வேருக்குள் கம்பியை விட்டுத் துழாவி, நுனியில் ஏதோ நைந்த நூலைக் கொண்டுவந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அய்யா, இது குட்டிங்களா?" என்றேன்.

டாக்டர் கம்பியைக் கீழே வைத்துவிட்டார். கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, என் கையைப் பிடித்து, நகத்துக்குக் கீழே சதையில் லேசாக ஊசியால் குத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

"அங்க பூச்சியா இருக்கு?"

"இல்லீங்க."

"நரம்பு இருக்கு. அதே மாதிரிதான்டா பல்லுக்குள்ளயும். சாப்பிட்டது எல்லாம் பல்லை அரிச்சு உள்ள எறங்கி அந்த நரம்பு அழுகிப்போச்சு. பாதி அழுகலை எடுத்துட்டு மீதிய உள்ள விட்டா மறுபடி சீழ் பிடிக்காம என்ன செய்யும்? நீ தீப்பெட்டில வெச்சு ஊரெல்லாம் காட்டினது உன் பல்லோட உசுரு."

என் பல்லின் உயிரையே பெட்டியில் போட்டு, ரயிலில் நாலு பேருக்குக் காட்டி, தண்ணீர் ஊற்றி வளர்த்து, கடைசியில் மாட்டுக் காலில் போட்டிருக்கிறேன். பெரிய பூச்சி என் வாயில் இல்லை, மண்டையில்தான் இருந்தது.

டாக்டர் ரயில் ஏறவில்லை. அந்தப் பல் சுத்தமாக ஒரு வாரமாவது வேண்டும், தினம் கழுவி மருந்து மாற்றவேண்டும் என்றார். திண்டிவனத்துக்குப் போனால் நான் திரும்பமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதால், வாசல் தாழ்வாரத்திலேயே படுக்கச் சொன்னார். ஸ்டேஷனில் பார்த்த ஒரு திண்டிவனத்து ஆளிடம் என் வீட்டுக்காரிக்குச் சொல்லியனுப்பினேன். "பெரிய பூச்சிக்கு பெரிய பூச்சி ஒண்ணு இருக்குதாம்" என்றுதான் அவன் போய்ச் சொல்லியிருக்கிறான்.

சும்மா இருக்கக் கூசியது. வாசலில் கிடந்த மூட்டைகளைப் பார்த்தேன். பட்டணத்துக்காரர்கள் கட்டின கட்டு. தூக்கினால் அவிழும். எல்லாவற்றையும் பிரித்து, கோணி ஊசியும் சணல் நூலும் வாங்கிவந்து, மண்டியில் தைக்கிற மாதிரி இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். பாத்திரம் ஒரு மூட்டை, துணி ஒரு மூட்டை, மருந்துப் புட்டிகளுக்கு வைக்கோல் வைத்து ஒரு பெட்டி. அம்மாள், "ஏம்பா, நீ கடலை கடிக்கிறதைவிட இது நல்லா செய்யறியே" என்றார்கள். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை. பல் போனாலும் பிழைத்துக்கொள்வாய் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

மெஷின் மட்டும் கடைசிவரை கட்டாமல் இருந்தது. என் பல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

கடைசி நாள் டாக்டர் பல்லுக்குள் பஞ்சை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். தலையை ஆட்டினார். ரப்பர் மாதிரி ஒரு மெல்லிய குச்சியை எடுத்து, சூடு காட்டி, இரண்டு வேருக்குள்ளும் அழுத்தி அடைத்தார். மேலே வெள்ளி நிறத்தில் ஏதோ குழைத்துப் பூசினார். அன்றைக்கு எதையும் கடிக்கக் கூடாது என்றார். முடிந்தது என்றதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"அய்யா, உசுருதான் எடுத்தாச்சே. செத்த பல்லுக்கு ஈரம் எது, காஞ்சது எதுன்னு தெரியுங்களா?"

டாக்டர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, "அது எனக்குத் தெரியாது. கடலை டாக்டர் நீதானே" என்றார்.

அந்தக் கவலையோடுதான் மெஷினுக்குக் கோணி சுற்றித் தைத்தேன். ஸ்டேஷனுக்குத் தலையில் வைத்துக் கொண்டுபோய் ஏற்றினேன். அதே வண்டியில் நானும் ஏறித் திண்டிவனத்தில் இறங்கினேன். அவர்கள் பட்டணம் போனார்கள். பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை.

மறுநாள் மண்டிக்குப் போனபோது என் சாக்கில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். வாய் நிறையப் பல். முதலாளி என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு மூட்டையிலிருந்து இரண்டு காயை எடுத்து முன்னால் நீட்டினார். வண்டிக்கார மாமன் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். முதல் காயை உடைத்து, பருப்பை அந்தப் பல்லில் வைத்து, கண்ணை மூடாமல் கடித்தேன்.

'டக்' என்றது. பல்லில் அல்ல, காதுக்குள் கேட்டது. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை காலமும் காதுதான் வேலை செய்திருக்கிறது. பல் சும்மா உலக்கை. உயிர் இருக்கிற உலக்கையா என்று யாராவது பார்ப்பார்களா?

இரண்டாவது காய் நடுச் சத்தம். "இந்த மூட்டை அடியில ஈரங்க மொதலாளி. ரெண்டு வெயில் காயணும்" என்றேன்.

முதலாளி அந்த மூட்டையைக் கவிழ்க்கச் சொன்னார். அடியில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு சாக்கில் இருந்தவனைப் பார்த்து, "தம்பி, நீ எழுந்து அந்த மூட்டைய காயப்போடு" என்றார்.

மாமன் மட்டும் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார். "மாப்ள, இன்னிக்கி கண்ண மூடலியே?"

"இனிமே மூடமாட்டேன் மாமா."

என் வீட்டுக்காரிக்கு நான் நரம்பைப் பற்றி விளக்கிச் சொன்னேன். நகத்துக்குக் கீழே ஊசியால் குத்தியும் காட்டப் பார்த்தேன், அவள் குத்தவிடவில்லை. கடைசிவரை அவள் அதைப் பூச்சி என்றுதான் சொன்னாள். தன் அக்காவுக்குப் பல் வலி வந்தபோது, "இவுரு வாயில இருந்து நல்ல பாம்பு மாரி ஒண்ணு வந்திச்சி" என்று சொல்லியிருக்கிறாள். நூலாக இருந்தது என் வாயிலிருந்து ரயிலில் ஏறிப் பெட்டியில் தங்கி, அவள் வாய்க்கு வருவதற்குள் பாம்பாகிவிட்டது. நானும் மறுத்துப் பேசவில்லை. கட்டிக்கொண்டவளிடம் பேசி ஜெயிப்பதைவிட இரண்டு வேரை அடைப்பது சுலபம்.

இப்போது என் வாயில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரே ஒரு பல்தான் இருக்கிறது. உயிரோடு இருந்த பல் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. செத்துப்போன அது மட்டும் உட்கார்ந்திருக்கிறது. மேலே அதற்கு ஜோடி இல்லாததால் கடலை கடிக்க உதவாது. ஆனாலும் நாக்கால் தினம் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அந்த அம்மாள் பிடித்த வெயில் ஞாபகம் வரும்.

இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டீர்கள். ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, இரண்டு நாளில் வலி நின்றுவிட்டது, இனி டாக்டரிடம் எதற்கு என்று சொன்னால், தீப்பெட்டிக்காரன் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஓட்டையை அடைத்துவிட்டேன் என்று டாக்டர் வாயால் சொல்கிறவரைக்கும் போய்க்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொல்லுங்கள், காற்று படும்.